இடுப்போடு முடிகிற முழு உடம்பு

"ரிப்போர்ட்டு இல்லாம என் வாசப்படி ஏறாதே யோவ்," என்று மீனம்பாள் சொல்லிவிட்டாள். அறுபத்திரண்டு வயதில் கன்னியப்பனுக்கு வாய்த்த கண்டிஷன் அது.

இரண்டு பேருக்கும் எச்.ஐ.வி. பெரியாஸ்பத்திரி மாத்திரை வரிசையில் பழக்கமாகி, இனி ஒரே வீட்டில் இருப்பது என்று முடிவாகியிருந்தது. வருஷம் ஒருமுறை வேறு பால்வினை நோய் இருக்கிறதா என்று ரத்தம் பார்க்கணும் என்றார் டாக்டரம்மா. மீனம்பாள் போன மாசமே பார்த்துவிட்டாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டெஸ்ட் கிட் இருந்ததாம்.

கன்னியப்பன் முதல் தடவை போனபோது கிட் இல்லை. இரண்டாம் தடவை கிட் இருந்தது, ரத்தம் எடுப்பவர் லீவு. மூன்றாம் தடவை கிட்டும் இல்லை, ஆளும் இல்லை. 'பரிசோதனை இலவசம்' என்று எழுதிய சுவர் மட்டும் ஒழுங்காக டியூட்டிக்கு வந்திருந்தது. நெல் மூட்டை தூக்குகிற கூலி மூன்று நாள் போச்சு, பஸ் காசும் போச்சு. இதற்கு மேல் ஒரு இலவசத்தை அவரால் தாங்க முடியாது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லேபுக்குப் போனார். 'முழு உடம்பு பரிசோதனை 999' என்று வாசலில் பேனர். கவுண்டரில் ஜெயசுதா என்ற பெண், டாக்டரம்மா சீட்டைப் படித்துக் குரலை இறக்கினாள்.

"பெரியவரே, இது அந்த பேக்கேஜ்ல வராது. தனியா ரெண்டாயிரத்து நூறு."

"முழு உடம்புன்னு போட்டிருக்கீங்க, இது இன்னா பக்கத்து வீட்டுக்காரன் உடம்பா?"

"அது வந்து... சுகர், கொழுப்பு, தைராய்டு..."

"உங்க கடையில உடம்பு இடுப்போட முடிஞ்சுடுதா? சரி, தைராய்ட எடுத்துட்டு இதப் போடு."

"காய்கறிக் கடையா இது?" என்று சிரித்தவள், "வீட்டுக்கே வந்து எடுத்தா ஆஃபர். பாதி விலை," என்றாள்.

வீட்டுக்கு வருவது என்றால், பின்னால் சிவப்புப் பெட்டி கட்டி, லேப் பெயர் எழுதிய பைக். மாசாமாசம் ஆஸ்பத்திரிக்கு முட்டி வலிக்குப் போவதாகத் தெருவில் பதினாலு வருஷமாகச் சொல்லி வைத்திருக்கிறார். லேபிலேயே முழு விலை கொடுத்தால், அதில் பாதி டெஸ்டுக்கு இல்லை, ஊர் வாயை மூட.

மீனம்பாளுக்குப் போன் போட்டார். "என் வீட்டுக்கு, தளவானூருக்கே வரச் சொல்லு," என்றாள் அவள். "என் புருசன் செத்தப்பவே இந்தத் தெருவுக்கு என் கத தெரியும். உன் கதயும் தெரியட்டுமே. கூட இருக்கப்போற ஆளுதானே நீ?"

மறுநாள் காலை பைக் வந்தது. ரிப்போர்ட் இல்லாததால் மீனம்பாள் நாற்காலியைத் தெருவிலேயே போட்டாள். லேப் ஆள் தாண்டவராயன் கன்னியப்பன் கையில் ரப்பரைக் கட்டினார். எதிர்வீட்டுத் தைலம்மாள் முறத்தில் அரிசி புடைத்தபடியே வந்து நின்றாள்.

"இன்னா பெரியவரே, சுகரா?"

சுகர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கன்னியப்பன் படிமேல் நின்ற மீனம்பாளைப் பார்த்தார்.

"சுகர் இல்லம்மா. அவளுக்கு இருக்கிறதுதான் எனக்கும். கூட வேற ஏதாவது இருக்குதான்னு பொண்ணு வீட்டுல பாக்கச் சொன்னாங்க."

தைலம்மாள் முறம் அப்படியே நின்றது. ஊசி ஏறியது.

"ரிசல்ட் நாளைக்கு சாயந்திரம்," என்றார் தாண்டவராயன்.

மீனம்பாள் டீயைத் தெருவுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். "அப்ப நாளைக்கு சாயந்திரம் வா."

"இவ்ளோ சொன்ன பிறகுமா?"

"டம்ளர வச்சிட்டுப் போ. வரும்போது துணிப் பொட்டியும் எடுத்துட்டு வா."