பூதம் பயந்தால்

லியனார்ட்டுக்குத் தன் பூதங்களைப் பற்றி ரொம்பப் பெருமை. ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் ஒரு விளையாட்டின் விதிப் புத்தகத்தைக் கொழும்பிலிருந்து மச்சான் அனுப்ப, அதை மாதக்கணக்கில் மண்டையை உடைத்துப் படித்து, கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மந்திரவாதிகளையும் பூதங்களையும் இறக்கிவிட்ட ஒரே கிளாக்கர் அவன்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் அவன் குவாட்டர்ஸில் பகடையும் கதையுமாக ஆட்டம் தொடங்கும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் மரியநாயகம் அதில் மந்திரவாதி. தொழிலாளர் லயத்தில் பிறந்து தோட்டப் பள்ளிக்கூடத்திலேயே மாஸ்டரான கணேசமூர்த்தி வாள்வீரன். எதிரிகள் மொத்தமும் லியனார்ட்டின் பொறுப்பு.

அன்று மரியநாயகம் பூதக் கூட்டத்தின்மேல் பயமந்திரத்தை ஏவினான். பூதங்களுக்காக லியனார்ட் பகடை உருட்டினான். ஒன்றும் தப்பவில்லை.

"அப்ப எல்லாம் ஓடிருச்சு. முதுகுல போடு மாஸ்டர்!" என்றான் மரியநாயகம்.

லியனார்ட்டுக்குச் சுருக்கென்றது. பயத்தை இப்படி மொட்டையாக முடிப்பவன் ஆட்டம் நடத்த லாயக்கில்லை என்பது அவன் கட்சி.

"பயந்தா எல்லாம் ஓடுமாய்யா? ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி பயப்படும், பாருங்க."

எழுந்து நடித்தே காட்டினான். ஒரு பூதம் ஈட்டியைப் போட்டுவிட்டுக் காலில் விழுந்தது. இன்னொன்று விறைத்துப்போய் நின்றது. அடுத்தது கிழட்டுப் பூதம். மூலையில் கிடந்த உருளைக்கிழங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினான். இருமல் வருகிறது. சாக்கு நுனியை இரண்டு கையாலும் வாயில் திணிக்கிறான். தோள் குலுங்குகிறது, விழி பிதுங்குகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. மரியநாயகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கணேசமூர்த்தி சிரிக்கவில்லை.

"இத எங்க பாத்தீங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா, கற்பனதான்."

"எங்கம்மாவுக்கு மூச்சிழுப்பு வருத்தம். போன வருசம் கலவரத்தன்னைக்கி காடையனுங்க தொரத்துனப்ப ஒங்க கதவத் தட்டிப் பாத்துட்டு, ஒங்க வீட்டுக்குப் பின்னால தேயிலைக்குள்ள ஒளிஞ்சோம். அம்மா கொழுந்தெடுக்க இடுப்புல கட்டுற சாக்குப் படங்க அவுத்துத் தலையில போட்டுக்கிட்டு, இருமல் கேட்டுருமேன்னு நுனிய வாயில திணிச்சிக்கிட்டு, இப்படியேதான் குந்தியிருந்தாங்க. கூட நான் மட்டுந்தான் இருந்தேன்."

'அன்றைக்கு நான் ஹட்டனில், அக்கா வீட்டில்' என்று லியனார்ட் ஒரு வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிவந்தான். இப்போதும் அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவன் கண், பாழாய்ப்போன கண், பின் ஜன்னலுக்குப் போய்விட்டது.

அன்று கதவு தட்டப்பட்டபோது அவன் உள்ளே தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். சத்தம் நின்றதும் பின் ஜன்னல் திரையை விலக்கி எல்லாவற்றையும் பார்த்தான். அந்தப் பொம்பிளை இருமிவிடக்கூடாது என்று மாதாவிடம் மன்றாடினான். அவளுக்காக அல்ல. இருமினால் காடையர்கள் தன் வீட்டுப் பக்கம் திரும்புவார்களே என்றுதான். அப்படிப் பார்த்து வைத்ததைத்தான் இன்று பூதமென்று ஆடிக்காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறான். கேட்கும்வரை அது எங்கிருந்து வந்ததென்று அவனுக்கே உறைக்கவில்லை. கையிலிருந்த சாக்கை எங்கே வைப்பதென்றுகூடத் தெரியவில்லை.

"நாங்க தட்டுனது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றான் லியனார்ட், தரையைப் பார்த்து.

மரியநாயகம் பகடைகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட ஆரம்பித்தான். கணேசமூர்த்தி எழுந்து ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். அவன் குரல் உயரவே இல்லை.

"'கிளாக்கரய்யா அன்னைக்கி வீட்டுல இல்லாதது நல்லதாப் போச்சு, இருந்திருந்தா நம்மளக் காப்பாத்தப் போயி அவருக்கும் ஆபத்து வந்திருக்கும்'னு அம்மா இன்னமும் சொல்லிக்கிட்டிருக்காங்க. தீவாளிக்கு ஒங்கள சாப்பிட வரச் சொன்னாங்க. வாங்க. வந்து நல்லா சாப்பிடுங்க. அவங்க முன்னுக்கு மட்டும் இத நடிச்சிக் காட்டிறாதீங்க."