ஏசிப் பெட்டியின் மேல் ஒரு புறா

மைனாக்கள் மறுபடியும் தொடங்கிவிட்டன. தோல்கின் தலையணையைத் தூக்கி முகத்தின் மேல் போட்டுக்கொண்டான். தலையணையும் கொதித்தது.

வெளியே திராட்சைப் பந்தல் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு ஜோடி மைனாக்களுக்குள் சண்டை. ஒன்றின் காலை ஒன்று பிடித்துக்கொண்டு முற்றத்தில் உருண்டன. மற்ற இரண்டும் பக்கத்தில் நின்று ஏற்றிவிட்டன. காலையிலிருந்து இதே பாடு.

அவனுக்கு இரவு வேலை. பாட்டில் தொழிற்சாலையில், விளக்குக்கு முன்னால் நகர்ந்து போகும் கண்ணாடிப் பாட்டில்களில் கீறல் இருக்கிறதா என்று விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்தபடி தூங்கி இரண்டு முறை மாட்டிக்கொண்டான். “இன்னொரு தப்பு நடந்துச்சு, வெளிய போயிட வேண்டியதுதான்” என்று மேஸ்திரி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். பகலில் தூங்கினால்தான் இரவில் விழிக்க முடியும். ஜூலை மாதத்துத் தாஷ்கண்டில் பகலில் எவன் தூங்குவான்?

அறையில் ஏசி இருந்தது. ஆனால் போட முடியாது. வெளிச்சுவரில் மாட்டியிருந்த பெட்டியின் மேல் ஒரு தவிட்டுப்புறா நாலு குச்சியைப் போட்டு, அதற்குக் கூடு என்று பேர் வைத்து, முட்டையிட்டிருந்தது. வீடு தேடி வந்த தவிட்டுப்புறாவை அந்த மஹல்லாத் தெருக்களில் குடிகாரன்கூடக் கலைக்க மாட்டான். கலைத்தவன் வீடு கலைந்துபோகும்.

“ஏசி ஓடினா பெட்டி அதிரும், முட்டை உருண்டு விழும்” என்றாள் அவன் மனைவி மஸ்தூரா. தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “குஞ்சு பறக்கிற வரைக்கும் பொறுங்க, தோல்கின் அகா. ஈரத் துணியப் போர்த்திக்குங்க.”

“அதுக்குள்ள என் வேலை பறந்துடும்.”

“பாவம், அது ஒரு சத்தம் போடுதா? சாப்பாட்டுல உப்பு இல்லன்னு சொல்லுதா? உங்கள விட நல்ல குடித்தனம்.”

அவன் முற்றத்துக்கு வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டுப் பெரியவர், தெருவே அண்ணன் என்று மதிக்கும் ஹோஷிம் அகாவின் தலை தெரிந்தது. டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில் தகரத் தட்டும் கரண்டியும் வைத்திருந்தார், மைனா விரட்ட.

“என்னடா தம்பி, கண்ணு ரெண்டும் செர்ரிப் பழமா இருக்கு? கல்யாணமாகி இத்தன வருஷமாச்சு, இன்னுமா தூங்க விட மாட்டேங்கிறா?”

“அவ இல்ல அகா, புறா.” அவன் ஏசி கதையைச் சொன்னான்.

“ஐயையோ, அதத் தொட்டுடாத. மைனா கண்ணுல படாம இருந்தாச் சரி. போன வருஷம் எங்க ஜன்னல்ல இருந்த கூட்டைப் பிரிச்சு எறிஞ்சிடுச்சுங்க, தடிப்பசங்க. மைனாவுக்குப் பாவம் புண்ணியம் ஏது?” என்று சொல்லிவிட்டு அத்தி மரத்தைப் பார்த்துத் தட்டைத் தட்டினார்.

மைனாவுக்குப் பாவம் இல்லை. அந்த வார்த்தை தோல்கினுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று இரவு பாட்டில்கள் நகர நகர, அதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

காலையில் தொழிற்சாலை வாசலில் ஒரு சம்சா வாங்கினான். வீட்டுக்கு வந்தபோது மஸ்தூரா தைத்த துணியைக் கொடுக்கத் தெருக்கோடிவரை போயிருந்தாள். ஏணியைச் சாத்தி ஏறினான். புறா நகரவில்லை, ஒரு கண்ணால் பார்த்தது. சம்சாவைப் பிட்டு உள்ளேயிருந்த கறியையும் கொழுப்பையும் சீரகம் ஒட்டிய வெங்காயத்தையும் பெட்டியின் ஓரத்தில் வைத்தான். ரொட்டி மாதிரி இருந்த மேல்மாவைக் கண்ட இடத்தில் வைக்க மனம் வரவில்லை; ரொட்டியை அவமதிப்பது பாவம். அதை அவனே தின்றான்.

மைனாக்கள் வர அதிக நேரம் ஆகவில்லை. முதலில் கொழுப்பு போயிற்று. பிறகு, இவ்வளவு நல்ல இடத்தில் இது யார் என்று புறாவின் பக்கம் திரும்பின. புறா இறக்கையை ஓங்கி அறைந்தது. மறுபடியும் அறைந்தது. ஜன்னலுக்குள் நின்றிருந்த தோல்கினின் கை கண்ணாடியைத் தட்ட உயர்ந்தது. தட்டவில்லை. ஒரு மைனா புறாவின் கழுத்து இறகைப் பிடித்து இழுக்க, இன்னொன்று குச்சிகளைக் காலால் வாரித் தள்ளியது. புறா பறந்துபோய் மின்கம்பியில் உட்கார்ந்தது.

திரும்பி வந்த மஸ்தூரா சுவரடியில் விழுந்து உடைந்த முட்டைகளுக்கு முன்னால் துடைப்பத்தோடு குந்தியிருந்தாள்.

“மைனா. நான் பார்த்தேன். விரட்டுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு” என்றான் தோல்கின்.

அவள் எதையோ இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தாள். பிறகு சுவரில் சாத்தியிருந்த ஏணியைப் பார்த்தாள். எல்லாவற்றையும் கூட்டி அள்ளினாள்.

“சாயங்காலம் எழுப்பிவிடு” என்று சொல்லிவிட்டு அவன் ஏசியைப் போட்டான். தினமும் சொல்வதுதான். போன் அடித்தால் தூக்கத்திலேயே அணைத்துவிடுவான். அவள் வந்து தோளைப் பிடித்து உலுக்கினால்தான் எழுந்திருப்பான். குளிர்ந்த காற்று முதுகில் பட்டதுமே தூங்கிப்போனான்.

கண் விழித்தபோது மைனாக்கள் கத்திக்கொண்டிருந்தன. வெயில் கிழக்கு ஜன்னல் வழியாக விழுந்திருந்தது. கிழக்கு என்பது அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. போனைப் புரட்டினான். மேஸ்திரி இரவெல்லாம் கூப்பிட்டிருந்தார்.

போனைக் கையில் பிடித்தபடி முற்றத்துக்கு ஓடினான். பந்தலின் கீழ் மரக்கட்டிலில் உட்கார்ந்து மஸ்தூரா தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னை ஏன் எழுப்பல?”

“மைனாவ வேலைக்கு வெச்சிருக்கீங்களே. அதுங்க எழுப்பும்னு இருந்துட்டேன்.”

“என்ன உளறுற?”

“மைனா எந்தக் கடையில சம்சா வாங்குது, அகா? வெங்காயமும் சீரகமும் ஏணி போட்டு ஏறிப் போச்சா?”

அவன் போனை அவள் பக்கம் நீட்டினான். “வேலை போச்சு, மஸ்தூரா.”

“தெரியும். மெஷின் இருக்கு. எனக்கும் சாப்பாடு கிடைக்கும், உங்களுக்கும் போடுவேன். அந்த ஏசியோட கரண்டு பில்லுக்கு மட்டும் நான் தைக்க மாட்டேன்.”

எழுந்து உள்ளே போனாள். சற்று நேரத்தில் பெட்டியின் இரைச்சல் நின்றது.

இதற்காகவே காத்திருந்ததுபோல் ஒரு மைனா வைக்கோலைக் கவ்விக்கொண்டு பெட்டியின் மேல் வந்து இறங்கியது. அதன் ஜோடியும் வந்தது. உடனே மற்ற ஜோடியும் பந்தலிலிருந்து பாய்ந்தது. நான்கும் கட்டிப் புரண்டு கீழே விழுந்தன. கையில் போன் அடித்தது. மேஸ்திரி. தோல்கின் எடுக்கவில்லை.

மைனா ஒன்று அவன் காலடிவரை உருண்டு வந்து, பிடியை உதறி எழுந்து, அவனை நிமிர்ந்து பார்த்துக் கத்தியது. அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.