மூன்றாவது தூணில் கட்டிய மாடு

ஸ்ரீரங்கம் தீவின் மேற்கே, வாழைத் தோப்புகள் முடிந்து கொள்ளிடக் கரை தொடங்கும் இடத்தில், இரண்டு அறைகளும் ஒரு வராந்தாவும் கொண்ட கால்நடை மருந்தகம் ஒன்று இருந்தது. அதன் மருத்துவர் மலர்க்கொடி, அம்மா மண்டபம் சாலையில் குடியிருந்தார். நாள்தோறும் காலையில் ஸ்கூட்டரில் வந்து சேர்வார். அந்த வெள்ளிக்கிழமை, தோப்பைக் கடந்து வளைவில் திரும்பியவர் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டார். வழி தவறி வேறு கட்டிடத்துக்கு வந்துவிட்டோமோ என்று அவருக்கு ஒரு கணம் ஐயம் தோன்றியதில் வியப்பில்லை.

மருந்தகம் வெள்ளை வெளேரென்று நின்றது. முந்தாநாள் வரை சுவரில் கிளை பிரிந்து ஓடிய விரிசல்களைக் காணவில்லை. வாசலில் படி முழுவதும் கோலம். கேட்டின் இருபுறமும் குலை தள்ளிய வாழை மரங்கள். மாட்டை நிறுத்தி ஊசி போடுகிற இரும்புச் சட்டத்துக்குக்கூட மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள்.

வண்டியை விட்டு இறங்கிய மலர்க்கொடி, கைப்பையைத் தோளில் மாட்ட மறந்து, அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தார். அன்று காலை அந்தக் கட்டிடம் எவ்வளவு மோசமாக இருக்க முடியுமோ அவ்வளவு மோசமாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய விருப்பமாக இருந்தது.

காரணம் இதுதான். பழைய பொதுக் கட்டிடங்களைப் பழுதுபார்த்து மேம்படுத்துவதற்கென்று மாநில அரசு அவ்வாண்டு தனியே நிதி ஒதுக்கியிருந்தது. எந்தக் கட்டிடத்துக்கு அது கிடைக்கும் என்பதை, நேரில் வந்து பார்க்கும் பொறியாளரின் அறிக்கையே முடிவு செய்யும். மலர்க்கொடியின் மேலதிகாரி தொலைபேசியில் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தார்: "வர்ற மழைக்கு முன்னால கூரை சரியாகலைன்னா அங்க யாரையும் உக்கார வைக்க முடியாதும்மா. டவுனுக்குள்ள இருக்கிற மருந்தகத்தோட சேத்துட வேண்டியதுதான்."

இணைப்பு என்றால் என்னவென்று மலர்க்கொடிக்குத் தெரியும். அவர் முன்பு பணியாற்றிய ஊரில் ஒரு மருந்தகத்தை அவ்வாறு இணைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து மாடுகள் வரவில்லை. மாடுகள் செத்த செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தது. கன்று போட முடியாமல் தவிக்கிற பசுவை வண்டி பிடித்து, போக்குவரத்தில் புகுந்து, பாலம் தாண்டிக் கொண்டுபோவது யாராலும் ஆகிற காரியம் இல்லை.

முந்தைய நாள் திருச்சியில் அவருக்குப் பயிற்சி வகுப்பு. அங்கிருந்துதான் உதவியாளர் பிச்சமுத்துவுக்குப் போன் செய்து, மறுநாள் அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்று தெரிவித்தார். அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையிருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அதிகாரி வருகிறார் என்றால் அந்த ஊர் என்ன செய்யும் என்பதை அவர் மறந்துபோனார் என்றுதான் சொல்ல வேண்டும். முன்பு பெரிய அதிகாரி ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, அவர் கார் திரும்புவதற்கு இடைஞ்சல் என்று ஒரு குப்பைமேட்டையே ஒரே நாளில் அப்புறப்படுத்திய ஊர் அது. வருகிறவர் எதற்காக வருகிறார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வருகிறவர் முகம் சுளிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பால் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் வீரமலை, வெள்ளைச் சட்டை அணிந்து வாசலிலேயே நின்றிருந்தார். ஐந்தாறு பேர் உடன் இருந்தார்கள்.

"வாங்க டாக்டரம்மா. அடையாளம் தெரியுதா?"

"ஐயா, இதெல்லாம் யார் செஞ்சது?"

"நம்ம சொசைட்டி ஆளுங்கதான். கொத்தனார வச்சு ஓட்டை ஒடசலையெல்லாம் பூசிட்டு, பூசின கையோட சுண்ணாம்பும் அடிச்சாச்சு. உள்ள கூரையில கம்பி பல்லை இளிச்சுக்கிட்டு இருந்துச்சே, அதையும் மூடியாச்சு. வர்றவரு என்ன நெனைப்பாரு? இந்த ஓட்டைக் கட்டிடத்துலயா டாக்டரம்மாவ உக்கார வச்சிருக்கீங்கன்னு கேட்டுட்டா?"

"அவர் அப்படிக் கேக்கணும்னுதானேங்க ஐயா வரச் சொல்லியிருக்கோம்."

வீரமலை சிரித்தார். படித்தவர்களின் அடக்கம் என்று அதை எடுத்துக்கொண்டார் போலும். "நீங்க கேக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் நாங்களே செஞ்சோம்," என்றார். அவருடைய விரல் நுனிகள் சுண்ணாம்பு பட்டு வெந்து சிவந்திருந்தன. மலர்க்கொடி அவற்றைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

உள்ளே பிச்சமுத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மலர்க்கொடி குரலைத் தாழ்த்தி, "அண்ணே, வெளிச் சுவத்துல எழுதியிருந்தது எங்க?" என்று கேட்டார்.

"எது மேடம், தூண்ல மாடு கட்டக் கூடாதுன்னு எழுதியிருந்ததா? அதுவும் வெள்ளைக்குள்ளதான் இருக்கு. பாக்க நல்லா இல்லைன்னு தலைவர் சொல்லிட்டார்."

வராந்தாவின் மூன்றாவது தூணுக்காக எழுதப்பட்டது அது. அடிப்பாகத்தில் காரை உதிர்ந்து, செங்கல் அரித்து, அந்தத் தூண் பெயருக்குத்தான் நின்றுகொண்டிருந்தது. அதில் மாடு கட்டியவர்களை மலர்க்கொடி கடிந்துகொள்ளாத வாரம் இல்லை. இப்போது அதுவும் மற்ற மூன்று தூண்களைப் போல மழமழவென்று, சந்தனப் பொட்டோடு நின்றது.

பொறியாளர் பெஞ்சமின் வெயில் ஏறிய பிறகுதான் வந்தார். காட்டூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த அவர், தலைக்கவசத்தைக் கழற்றுவதற்கு முன்பே கழுத்தில் துண்டு விழுந்தது. கையில் இளநீர் வந்தது. அவர் இரண்டையும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டு, கட்டிடத்தை ஒருமுறை சுற்றி வந்தார். உள்ளறையில் அண்ணாந்து பார்த்தார். பிறகு வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து, மலர்க்கொடிக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"எல்லாரும் ஒடஞ்சதைக் காட்டத்தான் மேடம் கூப்பிடுவாங்க. நீங்க கல்யாண வீட்டைக் காட்டுறீங்க."

"மன்னிக்கணும் சார். இது நேத்து பூசினது. எனக்கே காலையிலதான் தெரியும்."

"தெரியுது. சுண்ணாம்பு வாசனை வளைவுலயே வந்துருச்சு. ஈரம்கூடக் காயல."

"அப்ப அதையே நீங்க எழுதிடலாமேங்க சார்?"

"எழுதலாம். ஆனா கூடவே போட்டோ போகணும். இங்க நின்னு, இன்னைக்கு எடுத்ததா இருக்கணும். மேல இருக்கிறவங்க நான் எழுதினதைப் படிக்கவா போறாங்க? போட்டோவத்தான் பாப்பாங்க. இதைப் பாத்தா, இந்தக் கட்டிடத்துக்கு என்ன கேடுன்னு என்னைத்தான் கேப்பாங்க."

மலர்க்கொடி தம் கைப்பேசியில் இருந்த பழைய படங்களைக் காட்டினார். ஒழுகிய சுவர், தொங்கிய கம்பி, மருந்துக் குளிர்பெட்டியின் மேல் கவிழ்த்த பிளாஸ்டிக் தாள். பெஞ்சமின் ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார். படம் பதிவேற்றும் அவருடைய கைப்பேசிச் செயலி பழைய படங்களை ஏற்காது.

"எங்கேயாவது லேசா ஒரு தட்டு தட்டிப் பாத்தா…"

"நான் தட்டினா அதிகாரியே ஒடச்சார்னு ஆகும். நீங்க தட்டினா அரசுச் சொத்தை ஊழியரே சேதப்படுத்தினாங்கன்னு ஆகும். நமக்கு எதுக்கு மேடம் வம்பு? அடுத்த வருஷம் பாப்போம். அப்பவும் நான்தான் வருவேன். தயவுசெஞ்சு எனக்கு இளநீ மட்டும் குடுங்க, போதும்." அவர் இளநீரைக் குடித்து முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். "பொன்மலைப் பக்கம் வேற போகணும். பாலத்துல ஏறி இறங்கறதுக்குள்ள மதியம் ஆயிடும்."

அடுத்த ஆண்டு மருந்தகம் இங்கே இருக்காது. மலர்க்கொடி அதைச் சொல்ல வாயெடுத்தார். சொன்னாலும் படம் வெள்ளையாகத்தான் இருக்கும் என்று தோன்றவே, கைப்பேசியைப் பைக்குள் போட்டார்.

அந்த நேரத்தில்தான் சந்திரம்மாள் தம் செவலைப் பசுவை ஓட்டிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தார். பசுவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். வாழை மரத்தைக் கடக்கும்போது அது ஓர் இலையைக் கடித்து இழுத்தது. ஊசி என்றால் அந்தப் பசுவுக்கு ஆகாது. ஊசிக்குழாயைத் தூரத்தில் கண்டாலே கயிறு தெறிக்கப் பின்வாங்கும். சட்டத்துக்குள் நிறுத்தவே நான்கு பேர் வேண்டும். காய்ச்சல் அதன் பிடிவாதத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை.

"என்ன டாக்டரம்மா, விசேஷமா? எங்கிட்ட யாருமே சொல்லல," என்றார் சந்திரம்மாள். "மாட்டை எங்க கட்டறது? சட்டத்துல தோரணம் கட்டியிருக்கீங்களே."

மலர்க்கொடி பசுவைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். பொறியாளர் உடைக்கக் கூடாது, மருத்துவர் உடைக்கக் கூடாது. பசு அரசு ஊழியர் இல்லை. இந்த எண்ணம் வந்தபோதே, இது மரியாதைப்பட்டவர்கள் செய்கிற காரியம் இல்லை என்ற எண்ணமும் கூடவே வந்தது. வீரமலை அங்கேதான் நின்றார், தாம் பூசிய சுவரின் நிழலில்.

"ஐயா," என்று மலர்க்கொடி அவரை அழைத்தார். "எல்லாரையும் கூட்டிக்கிட்டு மரத்தடிக்கு வந்துடுறீங்களா? வராந்தாவுல யாரும் நிக்க வேண்டாம். பிச்சமுத்து அண்ணே, நீங்களும் வெளிய வாங்க."

எதற்கென்று கேட்காமல் அவர்கள் வந்தார்கள். ஊசி போடும்போது விலகி நிற்கச் சொல்வது வழக்கம்தான்.

"அம்மா, நீளக் கயிறாப் போட்டு, மாட்டை அந்தத் தூண்லயே கட்டுங்க."

சந்திரம்மாள் அசையவில்லை. "எந்தத் தூண்ல?"

"மூணாவது தூண்ல."

"போன மாசம் அதுல கட்டுனதுக்குத்தானே என்னை ஊரே பாக்க ஏசுனீங்க?"

"ஏசினேன். இப்ப கட்டுங்க. இழுத்தா அவுந்துக்கிற முடிச்சாப் போடுங்க."

பெஞ்சமின் தலைக்கவசத்தை மாட்டப் போனவர், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டார். சந்திரம்மாள் முடிச்சுப் போட்டுவிட்டு விலகி வந்ததும், மலர்க்கொடி மருந்தை ஏற்றிய ஊசிக்குழாயை முன்னால் நீட்டிக்கொண்டு, பசு நன்றாகப் பார்க்கும்படி வெட்டவெளியில் நடந்து வந்தார்.

பசு பார்த்தது. பின்னங்கால்களை ஊன்றிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தது.

முதலில் சந்தனப் பொட்டு இருந்த பூச்சு பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னால் செங்கல் பொடி கொட்டியது. தூண் இடுப்பளவில் விரிந்து, இரண்டு செங்கற்கள் உருண்டு கோலத்தின் மேல் வந்து நின்றன. மேலே வராந்தாக் கூரையின் விளிம்பிலிருந்து புதுப் பூச்சும், அதோடு பழைய காரையும் சேர்ந்து விழ, துருப்பிடித்த கம்பி பழையபடி வெளியே தெரிந்தது. முடிச்சு அவிழ்ந்த பசு, கேட்டருகே போய் நின்றுகொண்டு, மிச்சமிருந்த வாழை இலையைத் தின்னத் தொடங்கியது.

பெஞ்சமின் கைப்பேசியை எடுத்து, தூணை ஒன்று, கூரையை ஒன்று, தள்ளி நின்று முழுக் கட்டிடத்தை ஒன்று எனப் படம் எடுத்தார்.

"மாடு இழுத்தே விழற நிலைமைன்னு எழுதிக்கறேன்," என்றார். "அது உண்மைதானே?"

"உண்மைதாங்க சார்."

அவர் புறப்பட்டுப் போன பிறகும் வீரமலை மரத்தடியிலேயே நின்றார். மலர்க்கொடி அவரிடம் போய், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ராத்திரி சோறு திங்கக்கூட கை எரிஞ்சுச்சு டாக்டரம்மா."

"தெரியுங்க ஐயா. மன்னிச்சுக்குங்க."

"மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பூசாமலே விட்டிருப்போம். எங்களுக்கும் வேலை மிச்சம்." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "செவலைக்கு மட்டும் ஒழுங்கா ஊசி போட்டு விடுங்க. பாவம், அதுதான் இன்னைக்கு வேலை செஞ்சிருக்கு."

அவர் சிரிக்கவில்லை. அதன் பிறகு பல மாதங்கள், தம் வீட்டு மாடுகளை மகன் கையில்தான் கொடுத்தனுப்பினார். மருந்தகத்தின் பக்கம் அவர் வரவில்லை. மலர்க்கொடி ஒருமுறை சங்கத்துக்கே போய் வணக்கம் சொன்னார். அவரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

வைகாசியில் நிதி ஒதுக்கீட்டு ஆணை வந்தது. வேலை நடந்த நாட்களில் மலர்க்கொடி வேப்பமரத்தடியில் மேசை போட்டு வைத்தியம் பார்த்தார். கூரையை உடைத்துப் புதிதாக வார்த்தார்கள். நான்கு தூண்களையும் கான்கிரீட்டில் எழுப்பினார்கள். வேலிக்குப் பதிலாக மலர்க்கொடி விண்ணப்பித்திருந்த சுற்றுச்சுவர் மட்டும் கிடைக்கவில்லை. மழை வந்தபோது உள்ளறையில் மருந்துக் குளிர்பெட்டி பிளாஸ்டிக் தாள் இல்லாமல் நின்றது.

திறப்பு நாளுக்கு முந்தைய மாலை, வீரமலை கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். வராந்தாவுக்கு வெளியிலேயே நின்று கட்டிடத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"நாளைக்கு யாரோ பெரிய அதிகாரி வர்றாங்களாமே."

"ஆமாங்க ஐயா. உக்காருங்க."

"இருக்கட்டும். முன்கூட்டியே கேட்டுக்கறது நல்லது பாருங்க. கோலம் போடலாமா, கூடாதா?"

"போடலாங்க."

"வாழை மரம்?"

"கட்டலாங்க ஐயா."

"கேட்டுலயா, தூண்லயா?"

தூணில் எதுவும் கட்டக் கூடாது என்று சொல்லிப் பழகிய வாய், அதைச் சொல்லத் திறந்தது. மலர்க்கொடி திரும்பி மூன்றாவது தூணைப் பார்த்தார்.

"தூண்லயே கட்டுங்க," என்றார்.

வீரமலை படியேறி வந்து, அந்தத் தூணின் மேல் உள்ளங்கையை வைத்து ஒருமுறை அழுத்தினார். பிறகு உள்ளே பார்த்து, "பிச்சமுத்து, கயிறு இருக்கா?" என்று கேட்டார்.