குடும்பத்துடன்

ஜனாதிபதி செத்து முப்பது வருஷம் ஆன பிறகும் அவருடைய மகனை எல்லோரும் சின்னவர் என்றுதான் சொன்னார்கள். சின்னவருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. தலையில் முடி என்று சொல்லிக்கொள்ளக் காதோரம் கொஞ்சம் மிச்சம். ஆனாலும் பெரியவருடைய நாற்காலியில், ஆள் போன பிறகும், இவரை உட்கார வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

அப்பாவின் நூற்றாண்டுக்கு அரசாங்கம் ஒரு மலர் கொண்டுவந்தது. வீட்டில் அப்பா எப்படி, உங்களோடு எப்படிப் பழகுவார் என்று மகன் ஒரு கட்டுரை தராவிட்டால் நன்றாக இருக்காது என்று மலரின் ஆசிரியர் போனில் சொன்னார். சின்னவர் சரி என்று சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, போனுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான் தனக்கும் தெரியும் என்று பட்டது. வீட்டில் அப்பா எப்படி? மாடிப்படியில் செருப்புச் சத்தம். சாத்திய கதவு. கதவுக்கு வெளியே ஒரு காவலர். உள்ளே போகக் கூடாது தம்பி என்று கன்னத்தைத் தட்டுவார். அந்தக் காவலரின் மீசை ஞாபகம் இருந்த அளவுக்கு அப்பாவின் முகம் ஞாபகம் இல்லை.

அதனால்தான் அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போனார். ஜனாதிபதியின் ஒவ்வொரு நாளையும் அவருடைய அலுவலகம் நாட்குறிப்பாகத் தட்டச்சு செய்து வைத்திருந்தது. யாரைப் பார்த்தார், எங்கே போனார், எப்போது திரும்பினார், எல்லாம். பச்சை அட்டை போட்ட கனமான தொகுதிகள். அவற்றை வாசிப்பறையில் வைத்துத்தான் பார்க்க முடியும். பையை வெளியே பூட்டி வைக்க வேண்டும், கையுறை போட வேண்டும், பென்சில் மட்டும்தான். வாசிப்பறை அதிகாரி பேனாவைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் பதறுகிறவர். ஆனால் சின்னவரைக் கண்டதும் எழுந்து நின்றார். மற்றவர்கள் ஒவ்வொரு தொகுதியாகச் சீட்டு எழுதிக் கொடுத்து வாங்க, சின்னவர் மேசைக்கு மட்டும் எல்லாத் தொகுதிகளும் தள்ளுவண்டியில் வந்தன.

முதலில் தான் பிறந்த நாளைத் தேடினார். உரத்துறை அதிகாரிகளோடு ஆலோசனை. அதற்குக் கீழே, மருத்துவமனையிலிருந்து தகவல், ஆண். அதற்குக் கீழே, ஆலோசனை தொடர்ந்தது.

சின்னவர் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. எதிர் மேசையில் யாரோ இருமிய பிறகுதான் திருப்பினார்.

அடுத்தடுத்த தொகுதிகளிலும் அவரைக் காணோம். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய நாள், மரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்த நாள், எல்லாவற்றிலும் யாராவது தூதர் இருந்தார். மனசு விட்டுப்போய், ஏதோ கடமைக்குப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. ஒரு வியாழக்கிழமை. மாலை: குடும்பத்துடன். வேறு எதுவும் இல்லை, இரவு வரைக்கும். அடுத்த வியாழனைப் பார்த்தார். மாலை: குடும்பத்துடன். அதற்கடுத்த வியாழனும் அப்படியே. மற்ற நாட்களில் வேலை முடிந்தால் 'இல்லத்தில்' என்று இருந்தது. வியாழனுக்கு மட்டும் இந்தச் சொல். யாரோ குமாஸ்தாவின் சொல்லாசை என்று அதை அவர் பொருட்படுத்தவில்லை. அவருடைய கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கையுறையால் துடைக்கப் போய், அது அரசாங்கக் கையுறை என்று ஞாபகம் வந்து, முழங்கையால் துடைத்துக்கொண்டார்.

வாராவாரம் அப்பா தன்னோடு இருந்திருக்கிறார். தனக்குத்தான் நினைவில்லை.

நினைவு நல்ல வேலைக்காரன். கேட்டால் இல்லை என்று சொல்லாது. முதலில் ஒரு விளக்கு வெளிச்சம் வந்தது. வெளிச்சத்துக்குக் கீழே ஒரு சதுரங்கப் பலகை வந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் அப்பாவின் கை. சில நாட்களில் கைக்கு மேலே முகமும் முளைத்துவிட்டது. கடைசியில் அப்பா வேண்டுமென்றே தோற்றுப்போனது வரைக்கும் சின்னவருக்கு ஞாபகம் வந்தது. எழுதி அனுப்பினார். படித்துவிட்டு அழுதுவிட்டேன் என்று ஆசிரியர் சொன்னார்.

எதிர் மேசையில் இருமியது ஒரு பெண்மணி. சின்னவரைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். சாம்பல் நிற ஸ்வெட்டர், ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கிற பழக்கம். கண் ஆஸ்பத்திரியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர் என்று அதிகாரி சொன்னார். அதை ஒரு நகைச்சுவையாகவே சொன்னார். சின்னவரிடம் இருந்த தொகுதிகளில் ஒன்று அந்தம்மாவுக்கு வேண்டுமாம். ஒரு தொகுதியை ஒரே நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும் என்பது விதி. சின்னவர் பார்த்து முடித்துவிட்டுத் தருவதாகச் சொன்னார். முடித்த பிறகும் தரவில்லை. அந்தப் பச்சைத் தொகுதிகள் தன் முழங்கைக்குப் பக்கத்தில் அடுக்கியிருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. தவிர, தன் அப்பாவின் நாட்களை வெளியாட்கள் எச்சில் தொட்டுப் புரட்டுவதில் அவருக்கு விருப்பமில்லை. அந்தம்மா தினமும் வந்து, தினமும் சீட்டு எழுதிக் கொடுத்து, கையிருப்பில் இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு, வேறு எதையோ படித்துவிட்டுப் போனார். முகம் சுளிக்கவில்லை.

ஒருநாள் டீ மெஷின் பக்கத்தில் சின்னவரே பேச்சுக் கொடுத்தார். மனசு நிறைந்திருந்தால் யாரிடமாவது கொட்டத் தோன்றும் அல்லவா. வியாழக்கிழமைகளைப் பற்றிச் சொன்னார். நாட்டையே கட்டி ஆண்ட மனுஷர் வாரம் ஒரு மாலையைப் பிள்ளைக்கென்று எடுத்து வைத்ததைச் சொன்னார். சதுரங்கத்தைச் சொன்னார். அந்தம்மா காகிதக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார்.

"செஸ்ஸா?" என்றார்.

"ஆமாம். வேணும்னே தோத்துப்போவார்."

அந்தம்மா டீயைக் குடித்து முடித்தார். பிறகு, ரொம்ப நல்ல அப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு பல நாள் சின்னவர் அவரைப் பிடித்து நிறுத்தி மேற்கொண்டு சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று கூடியது.

கட்டுரை அச்சுக்குப் போகிற வாரம் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மாடி அறையில் தனியாகச் சீட்டு விளையாடிக்கொண்டு, தன்னையே ஏமாற்றி ஜெயித்துக்கொண்டிருப்பவள். சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். அப்பா தோற்றுப்போகிற இடம் வந்ததும் அதை மறுபடியும் படிக்கச் சொன்னாள். படித்தார். அம்மா சீட்டுக்கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துப் புரையேறி, நர்ஸ் வந்து முதுகைத் தடவிவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

"உங்க அப்பாவுக்கு அதுல குதிரை எப்படிப் போகும்னே தெரியாதுடா."

சின்னவர் கட்டுரைத் தாள்களை மடியில் வைத்தார்.

"வியாழக்கிழமை அந்த மனுஷன் இந்த வீட்லயே இருந்தது கிடையாது."

"நாட்குறிப்புல இருக்கும்மா. குடும்பத்துடன்னு."

"நான்தான் அப்படிப் போடச் சொன்னேன்."

கல்யாணமான புதிதில் அப்பாவின் செயலாளர் கையைப் பிசைந்துகொண்டு தன்னிடம் வந்ததை அம்மா சொன்னாள். நாட்குறிப்பில் வியாழக்கிழமை மாலைக்கு என்ன போடுவது என்று செயலாளருக்குத் தெரியவில்லையாம். வெளியே என்று போட்டால் எங்கே என்று கேட்பார்கள். ஓய்வு என்று போட்டால் உடம்புக்கு என்ன என்று ஊரே கேட்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருப்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க முடியாது. குடும்பத்துடன் என்று போடுங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லையே என்று இவள்தான் வழி சொன்னாள். செயலாளர் கண்ணில் தண்ணீரோடு கும்பிட்டுவிட்டுப் போனாராம்.

"அவங்க குடும்பம். நாம இல்லம். அந்த வார்த்தையும் இருக்குமே, பாத்திருப்பியே?"

பார்த்திருந்தார். அங்கே குழந்தைகள் இருந்தார்களா என்று கேட்டார். கேட்டது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"ஒரு பொண்ணு. உனக்கு அக்கா முறை ஆகுது. அவ பொறந்தப்போ என்னைப் பொண்ணு பாக்கவே வரல."

அம்மா மறுபடி சீட்டை அடுக்கத் தொடங்கினாள். சின்னவர் ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக, காப்பகத்தில் இன்னொருத்தரும் இதே தொகுதிகளைத்தான் கேட்கிறார், ஒரு வயதான அம்மா என்றார். அம்மாவின் கை நின்றது. அவள் எப்படிப் படிப்பாள் என்று கேட்டாள். உங்க அப்பா மாதிரி ஒத்தைக் கண்ணை மூடிக்கொண்டா?

சின்னவரின் முகத்தில் ஈயாடவில்லை.

"அவகிட்ட இந்த செஸ் கதையெல்லாம் சொன்னியா?" என்றாள் அம்மா. அவர் தாள்களை மடிப்பதைப் பார்த்துவிட்டு, "சொல்லியிருக்க" என்றாள். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்றும் சொன்னாள். எழுந்து போகிறவரைக் கூப்பிட்டு, கட்டுரையை நிறுத்திவிடாதே, நன்றாகத்தான் வந்திருக்கிறது, ஊரே அழும் என்றாள்.

மறுநாள் வாசிப்பறையில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. அதிகாரி தொகுதிகளை இறக்கி வைத்துவிட்டு, யாரிடமோ பேச வெளியே போயிருந்தார். சின்னவர் அந்தம்மா கேட்ட தொகுதியை எடுத்துக்கொண்டு போய் அவருடைய மேசையில் வைத்தார். எதிரில் உட்கார்ந்தார்.

"நீங்க யாருன்னு அம்மா சொன்னாங்க."

அந்தம்மா கையுறையைக் கழற்றி மடித்து வைத்தார். முதல் நாளே தான் சொல்லியிருக்க வேண்டும் என்றார். நீங்கள் அவ்வளவு சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள், எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை என்றார். அதில் குத்தல் இருந்ததாகத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு வண்டியைக் கிளப்பப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஏதாவது கொடுக்க வேண்டும் என்று சின்னவருக்குத் தோன்றியது. தொகுதியைத் தவிர அவரிடம் இருந்தது ஒன்றுதான். அதைச் சொன்னார். குடும்பத்துடன் என்றால் உங்கள் வீடு, இல்லத்தில் என்றால் எங்கள் வீடு, அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்றார்.

அந்தம்மா தலையாட்டினார். தான் வந்தது ஒரே ஒரு நாளைப் பார்க்கத்தான் என்றார். தன் அம்மா செத்த நாள். அதுவும் வியாழக்கிழமை. ராத்திரி வரைக்கும் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாளாம். நாட்டில் ஏதோ பெரிய விஷயம், அதனால் அப்பாவால் வர முடியவில்லை என்று தான்தான் அவளுக்குச் சொன்னதாகச் சொன்னார். அந்தப் பெரிய விஷயம் என்னவென்று பார்த்துவிட்டால் போதும்.

கையுறையை மறுபடி போட்டுக்கொண்டு தொகுதியைத் திறந்தார். தேடவே இல்லை, நேராக அந்தப் பக்கத்துக்குப் போனதுபோல் இருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தார். பிறகு தொகுதியைச் சின்னவர் பக்கம் திருப்பி விரலால் காட்டினார்.

மாலை: இல்லத்தில்.

"உங்ககூட இருந்திருக்கார்," என்றார் அந்தம்மா. "என்ன பண்ணிட்டிருந்தார்?"

சின்னவர் தேடிப் பார்த்தார். அந்த மாலை தன் தலைக்குள் எங்கேயும் இல்லை. ஞாபகம் இல்லை என்றார். அந்தம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இத்தனை நாள் இருந்த ஏதோ ஒன்று இப்போது இல்லை.

அப்போதுதான் சின்னவர் கேட்கக் கூடாததைக் கேட்டார். வியாழக்கிழமைகளில் அங்கே என்ன நடக்கும் என்று கேட்டார்.

வந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் படுத்துக்கொள்வார் என்றார் அந்தம்மா. ரேடியோ வைக்கச் சொல்வார். சாப்பாட்டுக்குப் பிறகு நடித்துக் காட்டுவார்.

"நடிச்சா?"

"எல்லாரையும். மந்திரிங்க, வெளிநாட்டுக்காரங்க. அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி இருக்கும். நானும் எங்கம்மாவும் வயிறு வலிக்கச் சிரிப்போம்."

"வேற யாரு?"

சின்னவர் காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குத் தெரிந்த வேலை.

அந்தம்மா எழுந்து நின்றார். கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். வயிற்றை முன்னால் தள்ளினார். முழங்காலை ஒட்டவைத்துக்கொண்டு, இடது கையால் இல்லாத ஒரு கால்சட்டையை நழுவாமல் பிடித்துக்கொண்டு, வலது கையை நெற்றியில் வைத்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். கண்கள் இறுக மூடியிருந்தன. உதடு ஏதோ முணுமுணுத்தது.

சின்ன வயதில், சாயங்காலங்களில் அப்பாவின் கார் உள்ளே நுழையும் நேரத்தில், போர்ட்டிகோத் தூணுக்குப் பக்கத்தில் சின்னவர் போய் நின்றுகொள்வார். காவலர்கள் எல்லோரும் சல்யூட் அடிப்பார்கள், அதனால் அவரும். காரின் விளக்கு வெளிச்சத்துக்குக் கண்ணை மூடிக்கொள்வார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணுவார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கட்டுரையில் எழுதவும் இல்லை. எழுத என்ன இருக்கிறது? கார் ஜன்னலில் கறுப்புத் திரை போட்டிருக்கும். கார் நிற்காமல் பின்கட்டுக்குப் போய்விடும். திரை இருந்ததால்தான் அப்பாவுக்குத் தெரியவில்லை என்று ஏழு வயதுப் பையன் முடிவு கட்டியிருந்தான். அறுபதை நெருங்கும்போதும் அதே முடிவில்தான் இருந்தான்.

அந்தம்மா கையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். லேசாக மூச்சு வாங்கியது.

"உதடு," என்றார் சின்னவர். "உதட்டையும் செய்வாரா?"

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவார். சரியா?"

சரி என்று சின்னவர் தலையாட்டினார். இன்னொரு தடவை செய்து காட்ட முடியுமா என்று கேட்டார். அந்தம்மா முடியாது என்று சொல்வார் என்றுதான் நினைத்தார். அவர் எழுந்தார். மறுபடி வயிற்றைத் தள்ளி, கண்ணை மூடி, கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். சின்னவர் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி, ஒன்று விடாமல் பார்த்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சிரிப்போம்."

"அவரும் சிரிப்பாரா?"

"அவர்தான் முதல்ல சிரிப்பார்," என்றார் அந்தம்மா.