அரை இஞ்ச்

பேண்டேஜ் சுருட்டுகிறவளுக்குத் தன் பக்கத்து ஓரம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பக்கத்து ஓரம் எதிரே உட்கார்ந்திருக்கிறவளுக்குத்தான் தெரியும். அதனால் இராஜபாளையத்தில் சந்தனமேரி வேலை பார்த்த பேண்டேஜ் யூனிட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி சுருட்டும்போது துணி ஒரு நூல் கோணலாக ஏறினாலும், எதிரே இருப்பவள் உடனே, "ஏட்டி, ஓரம் ஏறுது" என்று சத்தம் போட்டுவிட வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் முகம் பார்க்காமல் இருக்கிறவர்கள்கூட இதை மட்டும் சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் சுருள் கூம்பாகிப் போகும். சூப்பர்வைசர் காளிராஜ் அதைத் தூக்கிப் பிடித்து, "இது என்னம்மா, ஐஸ் விக்கப் போறியா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்பார்.

சந்தனமேரிக்கு எதிரே பதினான்கு வருஷமாக உட்கார்ந்திருந்தவள் பாண்டிசெல்வி. ஒருத்தி கிறிஸ்மஸுக்கு முறுக்கு சுட்டால் மற்றவள் வீட்டுக்கு ஒரு தூக்குவாளி போகும். பொங்கலுக்கு அந்த வாளி நிறைந்து திரும்பி வரும். இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எத்தனை ஆயிரம் தடவை "ஓரம் ஏறுது" சொல்லியிருப்பார்கள் என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

தையல் மெஷின் வந்தது போன பங்குனியில். பக்கத்து வீட்டுக்காரர்கள் கோயமுத்தூருக்குக் குடிபெயர்ந்தபோது லாரியில் இடமில்லை என்று ஒரு மிதி மெஷினைச் சந்தனமேரியின் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். நாற்பத்திரண்டு வயதில் ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாத பெண் அவள். பிளவுஸ் கொக்கி அறுந்தால் ஊக்கு குத்திக்கொண்டு போகிற ரகம். புருஷன் பால்துரை, லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், "இரும்புக்குப் போட்டுருவமா?" என்று இரண்டு நாள் கேட்டான். மூன்றாம் நாள் அவள் சும்மா மிதித்துப் பார்த்தாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது.

பைத்தியம் பிடிக்கிறதற்கும் காரணம் இருந்தது. யூனிட்டில் எல்லாமே வெள்ளை. துணி வரும், வெட்டுவார்கள், சுருட்டுவார்கள், பொட்டலம் கட்டுவார்கள், எந்த ஊரிலோ யாருடைய புண்ணுக்கோ போய்விடும். அவள் இத்தனை வருஷமாகத் துணியைத் துண்டு போட்டுக்கொண்டே இருந்தாளே தவிர, இரண்டு துண்டைச் சேர்த்ததில்லை. செல்போனில் ஒரு அம்மா பை தைக்கக் காட்டிக்கொடுத்ததைப் பார்த்து, கிளிப்பச்சைத் துணியில் முதல் பையைத் தைத்தாள். உள்பக்கம் வெளியே இருக்கத் தைத்துவிட்டு, கடைசியில் கையை உள்ளே விட்டுப் புரட்டி, மூலையைப் பென்சிலால் குத்தி எடுத்துவிட வேண்டும். புரட்டியதும் தையல், பிசிறு எல்லாம் உள்ளே ஒளிந்துகொள்ள, சுத்தமான ஒரு பை அவள் கையில் இருந்தது. அவளுக்கு நம்ப முடியவில்லை. மறுபடி உள்ளே தள்ளிவிட்டு மறுபடி புரட்டினாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்த வாசம் வந்த பிறகுதான் எழுந்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் எதுவும் அம்மணமாக இருக்கவில்லை. மிக்ஸிக்கு உறை, கிரைண்டருக்கு உறை, டிவி ரிமோட்டுக்குக்கூடப் பூப்போட்ட உறை. "ஒரு நாள் தூங்கும்போது என்னையும் சேத்து உறை போட்டுத் தச்சிருவா" என்று பால்துரை தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவளும் சிரித்தாள். எந்த வம்பையும் அந்தச் சந்தோஷம் தாங்கியது.

அந்த முதல் பையை யாருக்குக் கொடுத்திருப்பாள் என்று சொல்லவும் வேண்டுமா? பாண்டிசெல்விக்குத்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏட்டி மேரி, கடைப் பை தோத்துப்போகும் போ" என்றாள். சந்தனமேரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆடி கழிந்ததும் பாண்டிசெல்வியின் மகள் முத்துப்பேச்சிக்கு வளைகாப்பு முடிவானது. மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கேயே ஒரு மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

"தாம்பூலப் பை அம்புட்டும் நான்தான் தச்சுத் தருவேன். நீ கடையில வாங்கிறாத" என்றாள் சந்தனமேரி.

"ஒனக்கு எதுக்குட்டி சிரமம்?"

"எனக்கு என்ன சிரமம்? பேச்சி என் தோள்ல வளந்த புள்ள."

பாண்டிசெல்வி சுருட்டுகிற மெஷினின் கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றினாள். பிறகு, "சரிட்டி, தை" என்றாள்.

இரண்டு மாதம். விடியலில் கொஞ்சம், வேலை விட்டு வந்து கொஞ்சம், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் கொஞ்சம். மஞ்சளும் கிளிப்பச்சையுமாக அறுபது பை. ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு வளையல் படம், சங்கிலித் தையலில், கையாலேயே போட்டது. முதல் இருபது வளையல்கள் முட்டை மாதிரி இருந்தன. கடைசி இருபது அச்சு அசல் வளையல். பத்துப் பை முடியும்போதெல்லாம் யூனிட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுவாள். "நல்லா இருக்குட்டி, நல்லா இருக்கு" என்று பாண்டிசெல்வி வாங்கி வாங்கி வைத்துக்கொண்டாள். ஒரு தடவைகூட அவள் முகம் மாறவில்லை. அதை நினைத்தால்தான் சந்தனமேரிக்கு இப்போதும் ஆறவில்லை.

வளைகாப்பன்று சந்தனமேரி பட்டுச்சேலை கட்டி, பஸ் பிடித்து, ஒன்பது மணிக்கே மண்டபத்துக்குப் போய்விட்டாள். பேச்சியின் கன்னத்தில் சந்தனம் பூசி, இரண்டு கைக்கும் வளையல் போட்டுவிட்டாள். கண் மட்டும் வாசலில் இருந்தது. முதல் பந்தி எழுந்து சனம் கிளம்பும்போது தன் பை ஒவ்வொரு கையிலும் போவதைப் பார்க்க வேண்டும். தேங்காய் உள்ளே இருக்க, பை குண்டாகத் தொங்கிக்கொண்டு போகும் அழகை அவள் மனசுக்குள் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று.

வாசல் மேஜையில் அடுக்கியிருந்தது ரோஸ் நிறத்தில் பெயர் அச்சடித்த கடைப் பைகள்.

தன்னுடையதை இரண்டாம் பந்திக்கு வைத்திருப்பார்கள் என்று நினைத்தாள். பாருங்கள், அப்போதுகூட அந்த மனசுக்கு அப்படித்தான் நினைக்கத் தோன்றியது. பாண்டிசெல்வியைத் தேடினாள். அவள் இந்தப் பக்கம் திரும்பாமல் சம்பந்தியம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்கலாம் என்று சமையல்கட்டுப் பக்கம் போனாள்.

அங்கே சமையல்காரர் ஒருவர் சாம்பார் அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் சூடு தாங்க மடித்துப் பிடித்திருந்தது, ஒன்று மஞ்சள், ஒன்று கிளிப்பச்சை. கரி படிந்த பச்சையில் ஒரு வளையல் பாதி தெரிந்தது. அச்சு அசல் வளையல், கடைசி இருபதில் ஒன்று. சுவர் ஓரம் ஒரு சாக்குக்குள் மீதிப் பைகள் திணித்துக் கிடந்தன.

"இது எப்பிடிண்ணே இங்க வந்துச்சு?"

"கரித்துணிக்கு வச்சுக்கங்கன்னு பொண்ணோட அம்மாதான் குடுத்துச்சு. நல்ல கனத்த துணிம்மா" என்றார் அவர். பாவம், பாராட்டாகத்தான் சொன்னார்.

சந்தனமேரி சமையல்கட்டுக்குள் போனதைப் பார்த்துவிட்டுப் பாண்டிசெல்வி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"ஏட்டி மேரி, இங்க என்ன பண்ணுத? வா, சாப்பிட வா."

"என் பையி கரித்துணியா, பாண்டி?"

"மெதுவாப் பேசு. சம்பந்தியம்மா காதுல விழப்போகுது." கையைப் பிடித்துப் பின்வாசலுக்கு இழுத்தாள். "கோவிச்சுக்காதட்டி. நீ மொத மொத குடுத்த பையில அன்னைக்கே வெங்காயம் வாங்கிட்டுப் போனேன். பஸ் ஸ்டாண்டுல அடி பிஞ்சி, அம்புட்டும் ரோட்டுல உருண்டு போச்சு. இதுல தேங்காயப் போட்டு அவிய வீட்டு ஆளுக கையில குடுத்து, வாசல்லயே விழுந்தா என் மானம் என்னத்துக்கு ஆகும்?"

"அன்னைக்கேவா? பங்குனியிலயேவா தெரியும்?"

பாண்டிசெல்வி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"பொறவு ஏம்ட்டி சொல்லல? நான் அறுபது தச்சேனே. ஒங்கிட்ட கொண்டாந்து கொண்டாந்து காட்டுனேனே."

"நீ அம்புட்டு ஆசையா இருந்தே. எப்பிடிச் சொல்ல? மனசு வரல."

மனசு வரவில்லையாம். கரித்துணிக்குக் கொடுக்க மட்டும் வந்திருக்கிறது.

"எதுனால பிஞ்சிச்சுன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாம என்ன? நீ துணி ஓரத்துலயே அடிச்சிருக்க. நம்ம பேண்டேஜ் துணியில ஒரு நூலு வீணாக்கக் கூடாதுன்னு வெட்டுற மாதிரியே. அரை இஞ்ச் உள்ள தள்ளி அடிச்சிருந்தா நின்னிருக்கும். பேச்சி பாத்ததுமே சொன்னா."

தாயும் மகளும் பேசியிருக்கிறார்கள். அரை இஞ்ச் உள்ளே தள்ளி அடி. ஐந்து வார்த்தை. ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை "ஓரம் ஏறுது" என்று கத்துகிற வாய், இந்த ஓரத்தைப் பார்த்துவிட்டு அத்தனை மாதமும் "நல்லா இருக்குட்டி" என்றிருக்கிறது. சந்தனமேரிக்குப் பை போனது வலிக்கவில்லை. அறுபது பையையும் மறுபடி தைக்கச் சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே தைத்திருப்பாள். தன்னைக் குழந்தைப்பிள்ளை மாதிரி வைத்து விளையாட்டுக் காட்டியிருக்கிறாளே, அதுதான் நெஞ்சை அறுத்தது.

அவள் சமையல்கட்டுக்குத் திரும்பிப் போய், சாக்கை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அடுப்படியில் கிடந்த கரிப் பைகளையும் பொறுக்கி அதில் போட்டாள். வாசலில் சம்பந்தியம்மா ரோஸ் பையை நீட்டினார். தாம்பூலத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பிள்ளைத்தாய்ச்சி வீடு. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சாப்பிடாமல் பஸ் ஏறினாள்.

வீட்டுக்கு வந்ததும் ரோஸ் பையிலிருந்து தேங்காயை எடுத்து, தன்னுடைய பை ஒன்றில் போட்டுத் தூக்கினாள். நின்றது. லேசாக ஆட்டினாள். அடித்தையல் பிரிந்து தேங்காய் தரையில் விழுந்து, கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. பையைப் புரட்டிப் பார்த்தாள். ஊசி போன தடத்துக்கு வெளியே மூன்று நூல்கூட இல்லை. எந்தப் பையும் அப்படித்தான் இருந்தது. அவள் வீட்டு உறைகளும் அப்படித்தான். மிக்ஸி உறை கனம் தூக்கவா போகிறது, பிய்வதற்கு?

மாலை வெயில் ஜன்னலில் இருக்கும்போதே மெஷினில் உட்கார்ந்தாள். இன்னொரு பையைப் புரட்டி, அரை இஞ்ச் உள்ளே தள்ளி ஒரு வரி, அதன் மேலேயே இன்னொரு வரி அடித்தாள். கட்டிலுக்கடியிலிருந்து தேங்காயை எடுத்துப் போட்டுத் தூக்கினாள். ஆட்டினாள். கையை நீட்டி வட்டமாகச் சுற்றினாள். தையல் அசையவில்லை. அவளை அறியாமல் சிரிப்பு வந்தது. முதல் நாள் புரட்டிப் பார்த்தபோது வந்ததே, அதே சிரிப்பு. அடுத்த நிமிஷமே, இதைப் பாண்டியிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அப்போதுதான் அழுகை வந்தது. பால்துரை வந்து என்ன என்று கேட்கிற வரைக்கும் அழுதாள்.

திங்கட்கிழமை யூனிட்டில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பாண்டிசெல்வி தூக்குவாளியில் வளைகாப்புப் பலகாரம் கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்தாள். சந்தனமேரி அதைத் தொடவில்லை. இரண்டு கைப்பிடிகளும் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பத்து மணி வாக்கில் பாண்டிசெல்வியின் துணி கோணியது. அவளுக்குத் தெரியாத பக்கத்து ஓரத்தில் ஒரு நூல் ஏறியது, பிறகு இரண்டு நூல். சந்தனமேரி பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று, நாலு. சும்மா இருப்பது எவ்வளவு லேசாக இருக்கிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். காளிராஜ் அடுத்த வரிசைக்கு வந்துவிட்டார்.

"பாண்டிசெல்வி, ஓரம் ஏறுது" என்றாள்.

ஏட்டி இல்லை, பாண்டி இல்லை, முழுப் பெயர். பாண்டிசெல்வி சட்டென்று கையை நிறுத்தினாள். குனிந்தபடியே சுருளைப் பிரித்து, நேராக்கி, மறுபடி சுற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தபோது எதிர் நாற்காலி காலியாக இருந்தது. சந்தனமேரி தன் கத்திரியை எடுத்துக்கொண்டு, காளிராஜிடம் கேட்டு, கடைசி மேஜைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.