பதினொன்று பத்து

வெள்ளிக்கிழமை தவறாமல் வீரபாகு கார் பார்க்கப் போவான். இலஞ்சியில் பஸ் ஏறி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இறங்கி, சுற்றுச்சுவரை ஒட்டிய வேப்பமரத்தடிக்குப் போவான். கேஸில் பிடித்த வண்டிகளை அங்கேதான் போட்டிருந்தார்கள். ஒரு மணல் லாரி, சக்கரம் கழன்ற ஆட்டோ, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்த பைக்குகள். கடைசியில் அந்த வெள்ளைக் கார்.

நான்கு டயரும் சப்பிப்போய்க் கிடந்தன. கண்ணாடி முழுக்கக் காக்கை எச்சம். கதவின் அடிவிளிம்பில், மழைக்கு முன்னால் விரற்கடை அளவு இருந்த துரு இப்போது உள்ளங்கை அகலம் ஆகியிருந்தது. வீரபாகு குனிந்து இடது கை நகத்தால் அதைச் சுரண்டினான். பொருபொருவென்று உதிர்ந்தது. வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. உதிரட்டும், நாசமாய்ப் போகிற வண்டி இன்னும் நல்லா உதிரட்டும்.

"என்ன வீரபாகு, ஒம் பிள்ளையப் பாத்தாச்சா?" என்றார் வராந்தாவில் நின்ற ஏட்டு.

"பாத்தாச்சு சார். நல்லா மெலிஞ்சுக்கிட்டு வருதான்."

பதினெட்டு வருஷம் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்தவன் அவன். மெயினருவிக்குப் போகிற வழியில் ஒரு பலகை, இரண்டு எண்ணெய்ப் புட்டி, அவ்வளவுதான் கடை. மதுரைக்காரர்களும் கொல்லத்துக்காரர்களும் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டு வருவார்கள். ஆளைக் குப்புறப் போட்டு முதுகில் உள்ளங்கையை வைத்த மாத்திரத்தில், எங்கே பிடித்திருக்கிறது, எத்தனை நாளாய்ப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். சீசன் மூன்று மாதம் தேய்த்தால் வருஷம் முழுக்க அடுப்பு எரியும்.

போன வருஷத்துக்கு முந்தின சீசனில் ஒரு நாள் அருவியில் வெள்ளம் வந்தது. காலை பதினோரு மணிக்குப் போலீஸ்காரர்கள் விசிலடித்து, குளித்துக்கொண்டிருந்தவர்களை வெளியேற்றிக் கயிறு கட்டினார்கள். கூட்டம் மொத்தமும் ஈரத் துணியோடு ரோட்டுக்கு வந்தது. ஐந்தருவிப் பக்கமிருந்து வேகமாய் வந்த கார், கூட்டத்தைப் பார்த்ததும் ஓரத்துக்கு ஒடித்தது. ஓரத்தில் வீரபாகு புட்டியை எடுக்கக் குனிந்திருந்தான். சக்கரம் அவன் வலது கையின் மேல் ஏறி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, ஓரமாய்ப் போய்ப் போன் பேச ஆரம்பித்தான். ஆட்கள்தான் கூடி வண்டியைத் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் நான்கு விரலையும் எடுத்துவிட்டார்கள், கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

கார் வல்லிநாயகத்துடையது. குற்றாலத்தில் நாற்பது அறை லாட்ஜ், பண்பொழிப் பக்கம் தென்னந்தோப்பு என்று இருக்கிறவர். மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்தார், ஒரு கிலோ மங்குஸ்தான் பழத்தோடு.

"டிரைவர் பய பண்ணின வேலடே. நான் ஒன்ன அப்படியே விட்டுருவனா?" என்று கட்டிலோரம் உட்கார்ந்தார். குரல் இறங்கியது. "ஒரு சின்னச் சிக்கல். வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிஞ்சு பத்து நாளாச்சு. சீசன் பரபரப்புல கவனிக்கல. நேத்து போன்லயே புதுப்பிச்சிட்டேன், பதினொண்ணு முப்பத்தஞ்சுக்கு. இப்போ ஸ்டேஷன்லருந்து எழுத வருவாங்க. நீ பன்னெண்டு மணிக்கு அடிபட்டுச்சுன்னு மட்டும் சொல்லு. கம்பெனிக்காரன் பத்துப் பன்னெண்டு லட்சம் தந்துருவான். ஒனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

வீரபாகு கூரையைப் பார்த்தபடி கிடந்தான். பதினொன்று முப்பத்தைந்து. அந்த நேரத்தில் அவன் எங்கே இருந்தான் என்று யோசித்தான். ரோட்டோரத்தில், யாரோ ஒரு மதுரைக்காரரின் துண்டில் கையைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டு.

"அப்போ எனக்கு ஆம்புலன்ஸ் வரல அண்ணாச்சி" என்றான்.

"கூட்டம்லா. வர வேண்டாமா?"

"டிரைவரு ஒங்களுக்குத்தானே மொதல்ல போன் போட்டான்."

வல்லிநாயகம் பழப் பையை அவன் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "யோசிச்சிக்கோ" என்று எழுந்து போனார். கொஞ்ச நேரம் கழித்து வீரபாகு ஒரு மங்குஸ்தானை எடுத்தான். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தினால்தான் அது பிளக்கும். இடது கையால் கட்டில் கம்பியில் வைத்து அழுத்திப் பார்த்தான், வழுக்கிக் கீழே உருண்டது. அந்த இடத்தில்தான் அவனுக்குள் எல்லாம் முடிவாயிற்று.

எழுத வந்த போலீஸ்காரர் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

"பதினொண்ணு பத்து."

"கரெக்டாத் தெரியுமா?"

"அருவியில விசிலடிச்சுப் பத்து நிமிசம். யாரு முன்னால வேணும்னாலும் சொல்லுதேன்."

அன்று சாயங்காலம் அவன் மனைவி முத்துவடிவு தலையில் அடித்துக்கொண்டாள். வல்லிநாயகத்தின் லாட்ஜில்தான் அவள் அறை கூட்டிக்கொண்டிருந்தாள். இனிமேல் வர வேண்டாம் என்று மத்தியானமே சொல்லிவிட்டிருந்தார்கள்.

"அம்பது நிமிசந்தானே. தள்ளிச் சொன்னா என்ன கொறஞ்சிரும்?"

"கம்பெனிக்காரன் என் கை மேலயா ஏறுனான்? அவன் பணம் எனக்கு எதுக்கு? இவன் குடுக்கணும். லாட்ஜ வித்துக் குடுக்கணும்."

"அவன் விக்கதுக்குள்ள நாம வித்துப் போவோம்" என்றாள். அவள் காதில் கிடந்த கம்மல் அந்த மாதமே அடகுக் கடைக்குப் போனது.

தென்காசியில் ஷாரோன் என்கிற இளம் வக்கீல் கேஸை எடுத்தாள். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி, அதனால் கோர்ட்டில் பணம் கட்டாமல் உரிமையாளர் அதை எடுத்துப் போக முடியாது என்றாள். வல்லிநாயகம் கட்டவில்லை. அப்போது அவள் ஒரு மனுவை நீட்டினாள்.

"இதுல கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி. வண்டிய இப்பமே ஏலம் விடச் சொல்லுவோம். அந்தப் பணம் கோர்ட்டுல கெடந்தா ஒங்களுக்குத்தான். இப்போ நாலு லட்சம் போகும். வெயில்லயும் மழையிலயும் கெடந்தா ஒண்ணும் தேறாது."

"வேற ஒருத்தன் அதை ஓட்டுவான்லா?"

"ஓட்டினா என்ன?"

"ஓடக் கூடாது வக்கீலம்மா. அவன் தெனம் அந்த ஸ்டேஷன் வழியாத்தான் போவான். அது அழுகுதத அவன் பாக்கணும். எனக்குப் பணம் வர அவன் லாட்ஜ் இருக்கே, தோப்பு இருக்கே."

ஷாரோன் மறுபடி ஒரு தடவை கேட்டாள். அப்போதும் அவன் கையெழுத்துப் போடவில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போய்த் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

தீர்ப்பு அவன் பக்கமே வந்தது. வட்டியோடு பதினோரு லட்சத்தை வல்லிநாயகம் கொடுக்க வேண்டும். வீரபாகு அன்று கோர்ட்டு வாசலில் சர்பத் வாங்கிக் குடித்தான், இரண்டு கிளாஸ். பதினைந்து நாள் கழித்து ஷாரோன் கூப்பிட்டனுப்பினாள்.

"லாட்ஜும் தோப்பும் அவரு சம்சாரம் பேருல இருக்கு. ஒங்களுக்கு அடிபட்ட எட்டாம் நாளு எழுதி வச்சிருக்காரு."

"அப்போ?"

"அது செல்லாதுன்னு தனியாக் கேஸ் போடலாம். வருசக் கணக்குல இழுக்கும். இப்போதைக்கு அவரு பேருல இருக்கது அந்தக் கார் ஒண்ணுதான்."

வீரபாகுவுக்குச் சட்டென்று தன் இடது கையைப் பார்க்கத் தோன்றியது. ஆள்காட்டி விரல் நகத்துக்குள் இன்னும் அந்தச் சிவப்புத் துரு இருந்தது.

ஏலத்துக்கு நான்கே பேர் வந்தார்கள். வேப்பமரத்தடியில் காரைச் சுற்றி வந்து, எலி கடித்த வயரைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். நான்கு பேரும் ஒரே வேனில் வந்து இறங்கியதை வீரபாகு பார்த்திருந்தான். முப்பதாயிரத்தில் தொடங்கியது. ஒருவன் முப்பத்தைந்து என்றான், மற்ற இருவரும் வாயே திறக்கவில்லை. நாற்பத்தோராயிரத்துக்கு முத்துச்செல்வம் எடுத்தான். வல்லிநாயகத்தின் மச்சினன் அவன்.

"என்ஜினு நல்லாருக்கு மச்சான்" என்று அங்கேயே போனில் சொன்னான். "மேல் தோலுதான் போயிருக்கு. சரி பண்ணிரலாம்."

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். கார் நின்ற இடத்தில் புல் முளைக்காத வெறும் தரையும், கதவுப் பக்கமாகக் கொஞ்சம் செந்தூளும் கிடந்தன. அந்தத் தூள் எத்தனை வெள்ளிக்கிழமைச் சம்பளம் என்று வீரபாகுவுக்குத் தெரியும். வயிறு எரிந்தது. வல்லிநாயகத்தின் மேலா தன் மேலா என்று பிரிக்கத் தெரியாமல் எரிந்தது.

கோர்ட்டிலிருந்து வந்த பணம் கம்மலை மீட்கவும் கடன்காரர் இருவர் வாயை அடைக்கவும் சரியாயிற்று. அடுத்த சீசனில் அருவிக்கரைப் பார்க்கிங்கில் சீட்டுக் கிழிக்கும் வேலை கிடைத்தது. வண்டி நம்பரும் உள்ளே வந்த நேரமும் எழுத வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஐம்பது ரூபாய், அதற்கு மேல் போனால் நூறு. சீட்டுப் புத்தகத்தை வலது கைக் கட்டைவிரலால் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு இடது கையால் எழுதப் பழகியிருந்தான்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாரலில் நனைந்துகொண்டே வண்டிகள் வரிசையாய் நின்றன. ஏழாவதாக வந்தது வெள்ளைக் கார். பின்சீட்டில் வெளியூர்க் குடும்பம் ஒன்று எண்ணெய்ப் புட்டியும் துண்டுமாக இருந்தது. முன்சீட்டில் வல்லிநாயகம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் புதியவன்.

"அண்ணாச்சி, நேரத்த ஒரு அர மணி தள்ளிப் போட்டுருங்க" என்றான் டிரைவர். "இவங்க குளிச்சு ஏற லேட்டாகும்."

"போட்டுக் குடுப்பான். நம்ம வீரபாகுதான்" என்றார் வல்லிநாயகம், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீரபாகு நம்பர் பிளேட்டைப் பார்க்காமலே நம்பரை எழுதினான். பார்க்கிங் ஷெட்டில் மாட்டியிருந்த கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தான். பேனா சீட்டைக் கிழித்துவிடும் போல அழுத்தி எழுதினான்.

"பதினொண்ணு இருவது" என்றான். "அம்பது ரூவா எடுங்க."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் வண்டிக்கு முன்னால் இருந்து நகரவில்லை. டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே பணத்தை நீட்டினான். வீரபாகு ஒதுங்கி நின்று, கார் தன்னைக் கடந்து போகும்போது கதவின் அடிவிளிம்பைப் பார்த்தான். புதுப் பெயிண்ட். மழைத்துளி அதில் நிற்காமல் வழுக்கி ஓடியது. சுரண்டின இடம் எது என்று அவனுக்கே தெரியவில்லை. ஐம்பது ரூபாயைப் பார்க்கிங் கான்ட்ராக்டரின் பையில் போட்டுவிட்டு, அடுத்த வண்டியை வரச் சொல்லி இடது கையைக் காட்டினான்.