பயப்படுவதற்கு ஒரு படம்

பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதுகிறவரிடம் ஊரே நல்ல படம் கேட்கும். அவருடைய அக்கா கேட்டதுதான் விசித்திரம். "பார்த்தா வயித்தைக் கலக்கணும்டா. அப்படி ஒரு படம் சொல்லு."

விஷயம் இதுதான். அக்காவின் ஒரே மகள் போர் விமானியாகத் தேர்வாகிவிட்டாள். சேர்வதா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அக்கா அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். மகள் மசியவில்லை. இனி மாமா சொன்னால்தான் உண்டு.

"கவலைய விடுக்கா," என்றார் விமர்சகர். வானச் சண்டையைப் பற்றிய அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும்போது வேறென்ன வேண்டும்? போருக்கு எதிராக இதைப்போல் ஒரு படம் வந்ததில்லை என்று அவரே பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறார். கடைசியில் ஓர் இளம் விமானி உயிரோடு எரிவான். அதைப் பார்த்தால் இவள் மொட்டை மாடிக்குப் போகக்கூட யோசிப்பாள்.

ஞாயிறு சாயங்காலம் அக்கா வீட்டு ஹாலில் படத்தைப் போட்டார். பேசாமல் பார்த்திருக்கலாம். ஆனால் விமர்சகருக்கு வாய் சும்மா இருக்குமா? ரிமோட்டும் கையுமாக, நிறுத்தி நிறுத்தி வகுப்பெடுக்க ஆரம்பித்தார். "இங்க பாரு பாப்பா, கேமரா அவன் தோளுக்குப் பின்னாடி இருக்கு. நாமளே ஓட்டுற மாதிரி இல்ல?"

"மறுபடி போடுங்க மாமா."

போட்டார். இன்னொரு தடவையும் போட்டார். விமானம் இடப்பக்கம் சரிந்தபோது சோபாவில் இருவரும் இடப்பக்கம் சரிந்தார்கள். எதிரி விமானம் புகை கக்கிக்கொண்டு விழுந்ததும் அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அக்கா படத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் தீ. அந்தப் பையன் கண்ணாடியைக் குத்துகிறான், திறக்கவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடுகிறது. விமர்சகர் ஓரக்கண்ணால் மருமகளைப் பார்த்தார். அவள் முகம் வாடவில்லை. கண் பளபளவென்றிருந்தது.

"பிளேனை லேட்டாத் திருப்பிட்டான் மாமா. நானா இருந்தா முன்னாடியே திருப்பியிருப்பேன்."

அவருக்குக் குமட்டியது. அவளை நினைத்து அல்ல. இந்தச் சாவைத்தான் 'கண்ணுக்கு விருந்து' என்று எழுதியிருந்தார். ஒரு பையன் வெந்து சாகிறான். வெளிச்சம் பிரமாதம் என்று நாக்கைச் சப்புக்கொட்டியவன் என்ன மனுஷன்? சீ என்று வந்தது. அந்த ரிமோட்டைத் தொடவே பிடிக்காமல் சோபாவில் போட்டார்.

மருமகள் அங்கேயே உட்கார்ந்தபடி, சேர்கிறேன் என்று போனில் பதில் அனுப்பிவிட்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "இதே மாதிரி இன்னும் ரெண்டு படம் சொல்லுங்க மாமா. கிளம்புறதுக்குள்ள பாத்துடறேன்."

சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். அதற்குள் நாலு படங்கள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. எதை முதலில் சொல்வது என்றுகூட மனசு வரிசைப்படுத்திவிட்டது.

"சொல்லேன்டா," என்றாள் அக்கா. "உனக்குத்தான் வாய் ஊறுதே."